பூச்சி லென்ஸில் எடுத்த காதுகுத்து

இந்த மலையில் புதிதாகக் கேமரா தூக்கியிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, என்னுடைய பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் காப்பி ஆறுவதற்குள் பேச்சு வழக்கமான பள்ளத்தில் போய் விழுந்துவிட்டது. எந்த லென்ஸ் வாங்கலாம், பழையதை விற்றுவிட்டுப் புதியதை எடுக்கலாமா, பறவை எடுக்க எது, கல்யாணத்துக்கு எது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: கடைசியாக நீங்கள் எடுத்த படத்தை நீங்களே முழுசாகப் பார்த்தது எப்போது? எடுப்பதற்குத்தான் நேரம் இருக்கிறது, பார்ப்பதற்கு எடிட்டர் இருக்கிறாராம்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இது பாராட்டுரை அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் காலம் முழுவதும் நான் பெரும்பாலும் ஒரே ஒரு லென்ஸை வைத்துத்தான் பிழைத்தேன். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ. பூச்சி, பூ, பாசி, மோதிரம் என்று சின்னச் சாமான்களைக் கிட்டப் போய் எடுப்பதற்காகச் செய்த லென்ஸ். நான் அதில் முகங்களை எடுத்தேன், கல்யாணங்களை எடுத்தேன், சர்ச்சின் மேல்தளத்தில் நின்றுகொண்டு கீழே பீடத்துக்கு முன்னால் நிற்கும் மாப்பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவதை எடுத்தேன், பூம்பாறையில் எதிர்ச்சரிவில் பூண்டு பிடுங்குகிறவர்களை எடுத்தேன். ஊரில் எனக்குப் 'பூச்சிக்கார அக்கா' என்று பெயர். வைத்தவர்கள் எல்லாரும் தோளில் இரண்டு பைகளைத் தொங்கவிட்டு, எதை மாட்டுவது என்று தெரியாமல் நின்றவர்கள்.

அந்த லென்ஸ் என்னிடம் வந்த கதை சின்னது. கல்யாணத்துக்கு முன்பு நான் இங்கே ஒரு மிஷன் பள்ளியில் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அங்கே தாவரவியல் எடுத்த ஒரு டீச்சர், சோலைக் காட்டுச் செடிகளைப் பற்றிப் புத்தகம் போடப் போவதாகச் சொல்லி என்னைப் படம் எடுக்க வைத்தார். புத்தகம் வரவில்லை. டீச்சர் ஊரை விட்டுப் போகும்போது லென்ஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேறு லென்ஸ் வாங்க அப்போது வசதி இல்லை. வசதி வந்தபோது தேவை இல்லை.

மேக்ரோவில் தூரத்தை எடுக்க முடியாது என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டேன். நூறு என்பது நூறுதான். அதில் பூச்சி என்று எழுதியிருந்தால் மாடு தெரியாமல் போய்விடுமா? ஒருமுறை ஏரிச் சாலைக்குப் பக்கத்தில் காட்டுமாடு இறங்கியபோது, பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். மாடு வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்துவிட்டது. அவர் கண்ணாடிக்குள் பார்க்கிறார், பார்க்கிறார், கறுப்புத் தோல் மட்டும்தான் தெரிகிறது. மாடு எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் டீக்கடைப் படிக்கட்டில் நின்றபடி மாட்டையும் அவரையும் சேர்த்து ஒரே படத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்த லென்ஸுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எறும்பின் மீசையிலிருந்து எதிர்மலை வரைக்கும் அதற்குப் பார்வை உண்டு என்பதால், எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலையும். பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். தள்ளிவிட்டால் கிட்டத்தை மறந்து தூரத்தை மட்டும் பார்க்கும். என்னிடம் இந்த லென்ஸை ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப்போன ஒரு புத்திசாலிக்கு அதைச் சொல்லித்தான் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். தாலி கட்டுகிற நேரத்தில் லென்ஸ் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் கொர்ரென்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகு அது ஓரிடத்தில் நின்றது. மறுநாள் என்னிடம் வந்து லென்ஸ் பழுது என்றான். பழுது எங்கே என்று நான் சொன்ன பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் நஷ்டம் இல்லை.

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். கீழே பழனியில் நடந்தது.

அப்போது திண்டுக்கல்லைச் சேர்ந்த பிரபு என்பவனுக்கு நான் இரண்டாவது ஆளாகப் போய்க்கொண்டிருந்தேன். விசேஷ ஆர்டர்களைப் பிடிப்பது அவன். கூட்டம் அதிகம் என்றால் என்னைக் கூப்பிடுவான். நல்ல உழைப்பாளி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தன் படத்தில் யாருக்கும் பரு இருக்கக் கூடாது, கறுப்பு இருக்கக் கூடாது, வயது இருக்கக் கூடாது என்று நினைப்பவன். அவன் ஆல்பத்தில் மாமியாரும் மருமகளும் அக்கா தங்கையாக இருப்பார்கள். சொந்தக்காரர்களே ஆளைத் தேடுவார்கள்.

அந்த முறை ஒரு காதுகுத்து. பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் செந்தில், கோமதி தம்பதியின் பெண் குழந்தை. தமிழ்ச்செல்வி என்று பெயர். நடக்கப் பழகி, ஓடப் பழகிக்கொண்டிருந்த வயது. காலையில் வெள்ளனே மலைக்கு மேலே மொட்டை எடுத்துவிட்டு, தலை முழுக்கச் சந்தனத்தோடு மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். தாய்மாமன் முருகேசன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். லாரிக்காரர்களை அதட்டிப் பழகிய குரல். சீர்த்தட்டுகளை வரிசையாகத் தூக்கிவரச் செய்து, மேளத்தோடு அவர் உள்ளே நுழைந்தபோது விசேஷம் யாருடையது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிரபு எனக்கு இடம் ஒதுக்கினான். "அக்கா, ஒங்க சோலி காதும் ஊசியும் மட்டுந்தேன். குத்துறப்ப கிட்டக்க வந்து எடுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றான். அதற்காக என்னுடைய ரிங் ஃபிளாஷையும் எடுத்து வரச் சொல்லியிருந்தான். லென்ஸின் வாயைச் சுற்றி வளையமாக மாட்டுகிற விளக்கு அது. கிட்டத்தில் எடுக்கும்போது நிழல் விழாது.

ஆனால் கிட்டப் போக வழி இல்லை. முருகேசன் மடியில் குழந்தை உட்கார்ந்ததும், மண்டபத்தில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் சுற்றி அடைத்துவிட்டார்கள். பிரபுவின் ஆட்கள் அவர்கள் முதுகைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளுமுள்ளுக்குப் போகவில்லை. எதிரே சமையல்கட்டுக்குப் போகிற பக்கம் பாத்திரம் ஏற்றிவந்த ஒரு பெட்டி கிடந்தது. அதன்மேல் ஏறி, சுவிட்சைத் தூரத்துக்குத் தள்ளிவிட்டு, தலைகளுக்கு மேலாக எடுத்தேன். மேக்ரோவைத் தூர லென்ஸாகப் பயன்படுத்துவது என்று நீங்கள் பெரிய பெயர் வைப்பீர்கள். எனக்கு அது நிற்க ஓர் இடம் கிடைத்த கதை, அவ்வளவுதான். ஃபிளாஷைக் கழற்ற நேரமில்லை, மண்டபத்தில் வெளிச்சமும் போதவில்லை, அப்படியே அடித்தேன்.

என் ஃபிளாஷ் மின்னியதும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. மறுபடி மின்னும் என்று தெரிந்துகொண்டு காத்திருந்து பார்த்தது. ஆசாரி அந்த நேரத்தில் ஒரு காதைக் குத்தி முடித்துவிட்டார். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். முருகேசன்கூட, "அந்தம்மா வெளக்கக் காட்டி ஏமாத்திருச்சு, கெட்டிக்காரி" என்றார். மற்றக் காதைக் குத்தும்போது குழந்தை ஏமாறவில்லை. கத்திய கத்தலில் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

விசேஷம் முடிந்ததும் கேமராவிலிருந்த மெமரி கார்டைப் பிரபுவிடம் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து வேறொரு வேலையாகத் திண்டுக்கல் போனேன். கார்டைத் திரும்ப வாங்கலாமென்று அவன் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். அவன் அந்தக் காதுகுத்து ஆல்பத்தைத்தான் கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டான். நான் எடுத்த படங்கள்தான் ஆல்பத்தின் நடுப்பக்கமாம். ஆனால் அதற்கு அவன் பட்ட பாடு யாருக்கும் தெரியாதாம்.

"எல்லாத்துலயும் கண்ணு பேய் மாதிரி செவப்பாக் கெடக்குதுக்கா. அந்த ரிங் ஃபிளாஷ அவ்வளவு தூரத்துல இருந்து அடிச்சா வேற எப்புடி இருக்கும்? அதாவது பரவால்ல, ஒரு கண்ணு செவப்பு, ஒரு கண்ணு வெள்ளை. நல்ல கண்ண வெட்டி எடுத்து, கறுப்பாக்கி, ரெண்டு பக்கமும் ஒட்டிட்டேன். பாருங்க, எம்புட்டு அழகா இருக்கு" என்றான்.

அழகாகத்தான் இருந்தது. பொம்மைக் கடையில் விற்கிற பொம்மைகளும் அழகாகத்தான் இருக்கின்றன.

ஆனால் ஒரு கண் வெள்ளை என்று அவன் சொன்னதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு பூம்பாறையில் நடந்த ஒரு கண் முகாமுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். அங்கே வந்திருந்த கண் மருத்துவர் ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் என் ஃபிளாஷைப் பார்த்துவிட்டுச் சொன்ன விஷயம் அது. குழந்தைகளை ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது இரண்டு கண்ணும் சிவப்பாகத் தெரிந்தால் பயமில்லை, வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புகிறது என்று அர்த்தம்; ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் விட்டுவிடாதீர்கள், யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள் என்றார். எல்லா நேரமும் அது நோயாக இருக்காது, பார்க்கிற கோணத்தினாலும் வெள்ளையாகத் தெரியும் என்றும் சொன்னார். நோயாக இருந்தால் என்ன நோய் என்பதையும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிரபுவிடம் ஒட்டுவேலை செய்யாத படங்களைக் காட்டச் சொன்னேன். எதற்கு என்றான். காட்டு என்றேன்.

ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு படத்தில் அப்படி இருந்தால் கோணம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு வந்திருப்பேன். குழந்தை நேராக என்னைப் பார்த்த படம், கொஞ்சம் சாய்ந்து பார்த்த படம், அழுதுகொண்டே பார்த்த படம், வாயில் விரலோடு பார்த்த படம். வலது கண் ஒவ்வொன்றிலும் சிவப்பு. இடது கண் ஒவ்வொன்றிலும் வெள்ளை. மேக்ரோ லென்ஸ் என்பதால் இமைமுடியைக்கூட எண்ணலாம் போலத் துல்லியமாக இருந்தது. இந்த வெள்ளை மேலே ஒட்டிய பளபளப்பு இல்லை, கண்பாப்பாவுக்குள்ளிருந்து வருகிறது என்பது தெரிந்தது.

பிரபுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மாறவே இல்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, நீங்க டாக்டரா? இல்லேல்ல. அந்த முருகேசன் ஆளு எப்புடின்னு ஒங்களுக்குத் தெரியாது. புள்ளைக்குக் குருடுன்னு சொல்லிட்டான்னு ஊரெல்லாம் பேசுவாரு. ஒட்டன்சத்திரத்துல அவரு சொன்னா எனக்கு ஒரு ஆர்டர் வராது. ஒங்க ஃபிளாஷ்ல ஏதோ கோளாறு. நான் சரி பண்ணிட்டேன். இத்தோட விடுங்க."

இங்கேதான், பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் நிற்பீர்கள். அவன் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நான் டாக்டர் இல்லை. முருகேசன் கோபக்காரர். ஃபிளாஷில் கோளாறு இருக்கலாம். பயந்தவனுக்கு எப்போதும் நல்ல நல்ல காரணங்கள் கிடைக்கும்.

ஃபிளாஷைச் சோதிப்பது சுலபம். பையிலிருந்து எடுத்து மாட்டி, அவனையே சுவரோரம் நிற்க வைத்து, அறை விளக்கை அணைத்து, அதே தூரத்திலிருந்து எடுத்தேன். இரண்டு கண்ணும் சிவப்பு. டீ கொண்டுவந்த பெண்ணை நிற்க வைத்து எடுத்தேன். இரண்டும் சிவப்பு. அவனுக்குக் காட்டினேன். அவன் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். "அவுக வீட்டுக்குப் போனீங்கன்னா இனிமே எங்கிட்ட வராதீங்க" என்றான்.

என் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வழியில் ஒரு கடையில் இரண்டு படங்களை, சிவப்பும் வெள்ளையுமாக அப்படியே, பிரிண்ட் போட்டேன். பஸ்ஸில் பழனி போகும்வரை என்ன சொல்வது என்பதைத்தான் யோசித்தேன். போனில் சொல்லலாமா என்று தோன்றியது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவார்கள், அல்லது பாதியைக் கேட்டு மீதியை அவர்களாகவே கற்பனை செய்துகொள்வார்கள். நோயின் பெயரைச் சொல்லலாமா? அது என் வேலை இல்லை. பெயர் தெரிந்தால் சிலர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள், சிலர் சாமியிடம் ஓடுவார்கள், சிலர் பயத்தில் ஓரிடத்துக்கும் போகாமல் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று. தெரிந்ததை மட்டும் சொல்வது, தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

கடையில் செந்தில் இருந்தார், கோமதி இருந்தாள், குழந்தை ஒரு குங்குமக் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. என் நேரம், முருகேசனும் தங்கையைப் பார்க்க வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். ஆல்பம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் பிரிண்டை எடுப்பது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

இரண்டு படங்களையும் வைத்துவிட்டு, ஃபிளாஷ் போட்டால் கண் சிவப்பாகத் தெரிவது எல்லாருக்கும் உள்ளதுதான், ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிவது அப்படியல்ல என்று சொன்னேன். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், இந்த வாரத்துக்குள் மதுரைக்குக் கொண்டுபோய்க் குழந்தைக் கண் பார்ப்பவரிடம் காட்டுங்கள், இந்தப் படங்களையும் கொண்டுபோங்கள் என்றேன்.

முருகேசன் எழுந்துவிட்டார். "ஏம்மா, நல்லது நடந்த வீட்டுல வந்து என்ன பேச்சு பேசுற? படத்த ஒழுங்கா எடுக்கத் தெரியல, அதுக்குப் புள்ள கண்ணக் கொறை சொல்றியா? அந்தப் பிரபுப்பய இப்பத்தேன் போன் பண்ணுனான், ஒனக்குக் கேமராவுல கோளாறுன்னு" என்றார்.

என்னை முந்திக்கொண்டு போன் செய்திருக்கிறான். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை எடுக்கிறவனுக்கு அன்றைக்கு மட்டும் அவ்வளவு சுறுசுறுப்பு.

எனக்கும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அங்கே நான் ஜெயிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அவரைத் தோற்கடித்தால் அவர் குழந்தையை மதுரைக்கு அனுப்ப மாட்டார். அதனால் அவரைப் பார்க்காமல் கோமதியைப் பார்த்து, "கேமரா கோளாறுதான்னு டாக்டரு சொல்லட்டும்மா. சொன்னா நான் இதே கடை வாசல்ல வந்து நின்னு மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன்.

கோமதி படத்தைக் கையில் எடுத்தாள். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணனிடம் சொன்னாள்.

"நானும் பாத்தேண்ணே. கரண்டு போனப்ப டார்ச் அடிச்சா இந்தக் கண்ணு பூனக் கண்ணு மாதிரி மின்னும். இவுககிட்டயும் சொன்னேன். பூனக்கண்ணு ராசின்னு யாரோ சொன்னாகன்னு விட்டுட்டோம்."

செந்தில் தலையைக் குனிந்துகொண்டார். முருகேசன் குழந்தையைத் தூக்கினார். கடைக்குள்ளிருந்த நிழலில் வைத்து அதன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவர் மடியில்தான் அது அன்றைக்கு உட்கார்ந்திருந்தது; அவர் கைதான் அதன் தலையை அசையாமல் பிடித்திருந்தது. "கார எடுக்கிறேன். வெரசாக் கெளம்புங்க" என்றார். நான் பஸ் ஏறினேன்.

மறுநாள் போன் வந்தது. முருகேசன். ஆஸ்பத்திரி நடையில் நின்று பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட சத்தத்திலிருந்து தெரிந்தது. அந்தப் படங்களைப் போல இன்னும் இருந்தால் அனுப்பச் சொல்லி டாக்டர் கேட்கிறார் என்றார். அனுப்புகிறேன் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. "கண்ண எடுக்கணுமாம்மா. கண்ணுக்குள்ள கட்டியாம். எடுத்துட்டா உசுருக்கு ஒண்ணுமில்லையாம். இன்னும் விட்டுருந்தா மண்டைக்குப் போயிருக்குமாம்" என்றார். பிறகு, "நான் நேத்துப் பேசுனது..." என்று ஆரம்பித்தார். நான், படங்களை இப்போதே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்கிற தண்டனை அவருக்கு அன்றைக்குத் தேவையில்லை.

இடது கண்ணை எடுத்தார்கள். வலது கண்ணில் ஒன்றும் இல்லை. பல மாதங்கள் மதுரைக்கு அலைந்தார்கள். பிறகு செயற்கைக் கண் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள்.

இதை ஒரு தடவை உங்கள் சங்கத்துக் கூட்டத்தில் யாரோ சொல்ல, 'மேக்ரோ லென்ஸ் காப்பாற்றிய குழந்தை' என்று ஒருவன் எழுதிப் போட்டான். அடுத்த மாதம் இரண்டு பேர் மேக்ரோ வாங்கினார்களாம். உங்களை நான் என்ன செய்வது? லென்ஸ் காப்பாற்றவில்லை. அது கண்ணாடி. அதே படம் பிரபுவின் திரையிலும்தான் இருந்தது. என்னைவிட அதிக நேரம், என்னைவிடப் பெரிய திரையில், ஒவ்வொரு பிக்சலாக அவன் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோளாறு தெரிந்ததும் 'இது என்ன' என்று கேட்கத் தோன்றாமல் 'இதை எப்படி மறைப்பது' என்று தோன்றியதே, அந்த வியாதிக்குத்தான் நான் பயப்படுகிறேன். இப்போது போனே அதைச் செய்துவிடுகிறது. படம் எடுக்கிற கணத்திலேயே தோலை வழித்து, கண்ணைக் கறுப்பாக்கி, உங்கள் கையில் கொடுக்கிறது. நீங்களும் வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுகிறீர்கள்.

பிரபு அந்த சீசன் முழுக்க என்னைக் கூப்பிடவில்லை. முருகேசன் தன் சொந்தத்தில் நடக்கிற விசேஷங்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டார். தமிழ்ச்செல்வி பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். குடும்பமாக நிற்க வைத்து எடுக்கும்போது, என்னோடு வந்திருந்த பையன் நல்லெண்ணத்தில் அவளை, "பாப்பா, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி நில்லு" என்றான். நல்ல கண் மட்டும் தெரிகிற பக்கம். அவள் திரும்பவில்லை. "நேராவே எடுங்க. எங்க மாமா நேராத்தான் நிக்கச் சொல்லிருக்காரு" என்றாள். முருகேசன் அவள் தோளில் கைவைத்துக்கொண்டு, மண்டியில் நிற்கிறவர் மாதிரி மார்பை நிமிர்த்தி நின்றார். நேராகவே எடுத்தேன்.

பிரபுவைப் பற்றியும் முடித்துவிடுகிறேன். நான் தொழிலை விட்ட பிறகு, போன மழைக்காலத்தில், ஒருநாள் அவனிடமிருந்து படம் ஒன்று வந்தது. யாரோ ஒரு வீட்டுக் குழந்தையின் முகம். கீழே, 'அக்கா இதப் பாருங்க' என்று மட்டும் இருந்தது. ஒரு கண்ணில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எனக்கு அது கோணம் போலத்தான் பட்டது, ஆனால் ஒரே படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, டாக்டரிடம் அனுப்பு என்று எழுதினேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். குழந்தைக்கு ஒன்றுமில்லையாம். தங்கமான கண்ணாம். பெற்றவர்கள் அவனைக் கடைக்கு வந்து திட்டிவிட்டுப் போனார்களாம். ஒரு வாரமாகத் தூங்கவில்லையாம் அவர்கள். ஆல்பமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அசிங்கமாப் போச்சுக்கா. தெருவே வேடிக்க பாத்துச்சு" என்றான்.

"குழந்தைக்கு ஒண்ணுமில்லேல்ல?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா."

"அப்புறம் என்ன?"

அவன் சிரித்தான். நான் அவனைப் பாராட்டவில்லை. அது எனக்குப் பழக்கமில்லை. மழை விட்டதும் மேலே வந்துவிட்டுப் போ, சாப்பாடு போடுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.